உப்பில்லாச் சுற்று

வெயில் காலத்தில் என் சட்டை முதுகில் உப்பு பூக்கும். எங்கள் ஊர் விசைத்தறிகளில் நெய்த துண்டுக்கும் கைலிக்கும் கடைகடையாக ஏறி ஆர்டர் எடுக்கிற பிழைப்பு என்னுடையது. காலையில் வாசுதேவநல்லூர், மத்தியானம் சிவகிரி, முடிந்தால் ராஜபாளையம். பஸ் சீட்டின் ரெக்சினில் ஒட்டி முதுகு நனையும், இறங்கி நடக்கையில் காயும், அடுத்த பஸ்ஸில் மறுபடி நனையும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் கருநீலத் துணியில் வெள்ளை வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, வற்றிக்கொண்டே போகிற குளம் தன் கரையில் விட்டுப் போகும் கோடுகளைப் போல.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்து சாப்பிடும்போதே அடுத்த பஸ் எப்போது என்று கால் கேட்கும். "இவுகளுக்கு காலுதான் மூத்த பிள்ளை" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கால் அலைந்ததற்கெல்லாம் சாட்சி அந்த வளையங்கள்தான். அவள் சட்டையை வாளியில் முக்கி அலசுவாள், சாட்சி கரைந்துவிடும். மறுநாள் புதுச் சாட்சியோடு வந்து நிற்பேன்.

வியர்வையை யாரும் மதிப்பதில்லை என்பது எனக்கு வெகுநாள் குறை. கண்ணீருக்கு ஒப்பாரி இருக்கிறது. ரத்தத்துக்குச் சொந்தபந்தம் இருக்கிறது. வியர்வைக்கு இருப்பதெல்லாம் ஒரு துண்டு. அதையும் நான்தான் விற்கிறேன்.

ஆகவே எங்கள் மகள் சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டு, தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் வியர்வையைப் படிக்கும் பட்டை ஒன்றைச் செய்கிறார்கள் என்று சொன்னபோது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

"படிக்கிறதுன்னா என்னம்மா?"

"கையில ஒட்டிக்கிட்டாப் போதும்ப்பா. வேர்வை எவ்வளவு வேகமாப் போகுது, அதுல உப்பு எவ்வளவு போகுதுன்னு போனுல காட்டும். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது."

"அத என் சட்டையப் பாத்தாலே தெரியுமே."

"சட்டை காஞ்ச பிறகுல்லா தெரியும். இது போகும்போதே சொல்லும்."

விளையாட்டாகப் பேசி முடித்த பேச்சு அது. அந்தப் பட்டை எங்கள் வீட்டுக்கே ஒரு நாள் வரும் என்று இருவருமே நினைக்கவில்லை. அதை வரவழைத்தது போன வருஷத்து ஆடி.

ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் ஊரில் பெண்கள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆடிச்சுற்று என்போம். கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவது. நூற்றெட்டு என்று நேர்ந்தவர்கள் உண்டு, அதற்கு மேலும் உண்டு. அம்மன் அங்கே ஒற்றைக்காலில் தபசு நிற்கிறாள், நாம் இரண்டு காலிலாவது நடக்க வேண்டாமா என்பது அவர்கள் நியாயம். எண்ணிக்கை தப்பாமலிருக்க முந்தானை நுனியில் புளியங்கொட்டைகளை முடிந்துகொண்டு, ஒரு சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போட்டுக்கொண்டே போவார்கள்.

என் மனைவி போன வருஷம் நூற்றெட்டு நேர்ந்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று வாயை மூடிக்கொண்டாள். மகளுடைய வேலைக்காக இருக்கும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். சுற்றும் நாட்களில் உப்பில்லா விரதம். சோற்றில் உப்பில்லை, ரசத்தில் இல்லை, மோரில் இல்லை. அவளுக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு. சிறுநீரை இறக்கிவிடுகிற மாத்திரை ஒன்றை நாள்தோறும் சாப்பிடுகிறவள். உப்பைக் குறை, உப்பைக் குறை என்று வருஷம் முழுக்க டாக்டர் சொல்லி வந்ததால் இந்த விரதத்தில் உடம்புக்கும் நல்லது இருக்கிறது என்று வீட்டில் எல்லோருமே நினைத்தோம். நடந்தாள், வியர்த்தாள், தாகத்துக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். பாதி தாண்டிய ஒரு காலையில் தலை கனக்கிறது என்று மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அப்படியே சரிந்தாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, அவுகளை எழுப்பி விடுங்க" என்று என்னிடமே என்னைப் பற்றிச் சொன்னாள். ரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை ஒரு பக்கம் உப்பை வெளியே தள்ள, வியர்வை இன்னொரு பக்கம் தள்ள, உள்ளே போனதெல்லாம் வெறும் தண்ணீர். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் வலிப்பு வந்திருக்கும், அதற்கு மேல் நான் பேச விரும்பவில்லை என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இந்த வருஷம் ஆனி மாதமே பிடித்துக்கொண்டது பேச்சு. விட்டதை முடித்தே ஆக வேண்டும் என்றாள். பக்கத்து வீட்டு அக்கா, வருஷம் தவறாமல் சுற்றுகிறவர், சமாதானம் பேச வந்தார்.

"ஏட்டி, பாதி நடந்தது பாதிக் கணக்குல நிக்கும். மிச்சத்த மட்டும் நட. அம்மன் என்ன உன் மாமியாளா, முதல்ல இருந்து செய்யின்னு சொல்ல?"

"இல்ல யக்கா. முறிஞ்ச விரதம் முறிஞ்சதுதான். முதல்ல இருந்துதான் நடப்பேன். உப்பும் சேக்க மாட்டேன்."

"ஆஸ்பத்திரில கிடந்தத மறந்துட்டியா?" என்றேன் நான்.

"நீங்க பஸ்ஸுக்குப் போங்க" என்றாள்.

மகளிடம் புலம்பினேன். அவள் அம்மாவோடு வெகுநேரம் பேசினாள். பிறகு எங்கள் டாக்டரிடமும் பேசினாள். முடிவில் மூவருக்கும் திருப்தியில்லாத ஓர் ஒப்பந்தம் வந்தது. ஒரே மூச்சில் நடக்காமல் பல நாட்களாகப் பிரித்து நடப்பது. அந்த நாட்களுக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுப்பது. கையில் பட்டையை ஒட்டிக்கொள்வது. போகிற உப்பு அதிகம் என்று மகள் சொன்னால் அந்த நிமிஷமே நிறுத்தி, விரதமோ இல்லையோ, உப்புப் போட்ட பானம் குடிப்பது. கடைசிப் பேச்சுக்கு மட்டும் என் மனைவி வாயால் சரி என்று சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினாள். அது ஆமாவா, காற்றுக்கு அசைந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கூரியரில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டங்கள், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி போல மெத்தென்று இருந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே முடிபோல வளைந்து வளைந்து போகும் வாய்க்கால்கள். அடிப்பக்கம் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துவாரம். வியர்வை தன் வேகத்திலேயே அந்தத் துவாரத்தில் ஏறி வாய்க்காலில் ஓடும், மேலே பொருத்துகிற பொத்தான் அதைப் பார்த்து என் மனைவியின் போனுக்குச் சொல்லும், அங்கிருந்து சென்னையில் மகளுக்கும் என் போனுக்கும் போய்விடும்.

"ஒண்ணு நல்லாக் கேட்டுக்கங்கப்பா" என்று மகள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "இது வெளிய போறதத்தான் சொல்லும். உள்ள மிச்சம் எவ்வளவுன்னு சொல்லாது. அது ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

எனக்கு அது புரிந்தது. வாசலில் நின்று வெளியே போகிறவர்களை மட்டும் எண்ணுகிற காவல்காரன். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. ஆனால் திமுதிமுவென்று ஆட்கள் வெளியே ஓடிவந்தால் உள்ளே என்னவோ ஆகிறது என்று அவனால் கத்த முடியும். எங்களுக்கு அந்த அளவு போதும் என்று தோன்றியது.

முதல் சில நாட்கள் ஒழுங்காகப் போயின. பட்டை ஒட்டின பிறகு போனில் நீலக்கோடு ஒன்று மெல்ல மேலேறும். சுற்று முடிந்து அவள் நிழலில் உட்கார்ந்தால் இறங்கும். நான் கடையநல்லூரில் ஆர்டர் எடுக்கிற கடையில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பல வருஷம் வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். என்ன அண்ணாச்சி, ஷேர் மார்க்கெட்டா என்று எட்டிப் பார்த்தார். சொன்னேன்.

"எங்களுக்கு அங்கன கக்கூஸ் செவுத்துல ஒரு சார்ட் ஒட்டியிருப்பான், அண்ணாச்சி. மூத்திரம் இந்தக் கலருன்னா தண்ணி குடி, அந்தக் கலருன்னா வேலைய நிறுத்துன்னு. பெயிண்டுக் கடையில கலர் பாக்க மாதிரி வரிசையில நிப்போம்."

"கலரு கூடினா நிறுத்துவீங்களா, பாய்?"

"யாரு நிறுத்துவா? வெள்ளைக் கலருதான்னு சொல்லிட்டு ஏறிருவோம்." சிரித்தார். பிறகு துண்டுக் கட்டை அவிழ்த்தபடி சொன்னார். "என் வீட்டுக்காரி நோன்புல, காய்ச்சல் அடிச்சாலும் மாத்திரைக்குக்கூட ஒரு மடக்குத் தண்ணி குடிக்க மாட்டா. உங்களுக்காவது ஒட்டி வைக்க ஒண்ணு கிடைச்சிருக்கு. நல்லா முடியட்டும், துஆ செய்யுதேன்."

எனக்கும் அவருக்கும் நடுவில் கிடந்த துண்டுகளை அன்று எனக்குச் சரியாக எண்ண வரவில்லை.

ஆடிக் காற்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து ஆடி வெயில், காற்றுக்குள் ஒளிந்து வரும் வெயில். மலைப் பக்கமிருந்து அடிக்கிற காற்று புழுதியையும் பாலிதீன் பையையும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஓடும். வேட்டி நிற்காது. நெற்றியில் துளிர்க்கிற வியர்வையை விரலால் தொடும் முன்னே அது கொண்டுபோய்விடும். வியர்க்கவே இல்லை, நல்ல குளுகுளு காற்று என்று எல்லோரும் சொல்வார்கள். உடம்பிலிருந்து போவதெல்லாம் போய்க்கொண்டுதான் இருக்கும். கண்ணுக்குக் காட்டாமல் போகும்.

கடைசி நாள் காலையில் அவளைக் கோயிலில் விட்டேன். முந்தானை முடிச்சில் ஒரு நாள் சுற்றுக்கான கொட்டைகள் மட்டும் இருந்தன. இடுப்புச் சுருக்குப் பையில் போன். பக்கத்து வீட்டு அக்கா துணை. கூட இருந்திருக்கலாம். சிவகிரியில் ஒரு கடைக்காரர் வரச் சொல்லியிருந்தார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒருத்தி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என் காலுக்குத் தெரியவில்லை.

போனில் கோட்டைப் பார்க்கத் தோன்றாமல், சாவகாசமாக டீ குடித்து, தெரிந்தவர்களோடு நின்று பேசி, பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் ஏறினேன். சிவகிரி பஸ் பின்னால் நகர்ந்து திரும்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள்.

"அப்பா, அம்மாகிட்ட இருக்கீங்களா?"

"இல்லம்மா, பஸ்ஸுல."

"காலையில இருந்து கோடு ஏறவே இல்லப்பா. காத்துக்கு அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். இவ்வளவு நேரம் நடந்து ஒரு சொட்டுகூட வேர்க்கலன்னா... உடம்பு வேர்க்கிறதையே நிறுத்திருச்சுன்னா அது ரொம்ப மோசம்ப்பா. அம்மா போன எடுக்கல. ஓடுங்க."

பஸ் நிற்கும் முன்பே குதித்தேன். கண்டக்டர் பின்னால் என்னவோ திட்டினார். ஓடினேன். இத்தனை வருஷம் அலைந்த கால் அன்றைக்கு ஊர்த் தெருவில் ஓடத் தெரியாமல் தடுக்கியது. பூக்கடை, பாத்திரக்கடை, பலூன்காரர், எதிரே வருகிற கூட்டம் எல்லாமே குறுக்கே நின்றன. போன வருஷம் அவள் கண்ணில் என்னைத் தெரியாத அந்தப் பார்வை மட்டும் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

வெளிச்சுற்றில் கூட்டத்துக்குள் அவளைப் பின்னாலிருந்துதான் முதலில் பார்த்தேன். நடந்துகொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். அரக்கு நிற ஜாக்கெட். அதன் முதுகில் வெள்ளை வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக, தோளிலிருந்து இடுப்பு வரை.

என் சட்டையில் நான் பார்த்துப் பழகியவை. அவள் முதுகில் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க நேர்ந்ததில்லை என்று சொல்ல மாட்டேன், பார்த்ததில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு இரண்டும் சேர்ந்து புரிந்தன. வியர்வை நிற்கவில்லை. கோடு சொன்னது தப்பு. ஆனால் நிம்மதிப்பட இதில் ஒன்றும் இல்லை, இவ்வளவு உப்பும் வெளியே போயிருக்கிறது.

கையைப் பிடித்து நிறுத்தினேன். திரும்பினாள். நெற்றி காய்ந்து கிடந்தது, உதடும்.

"என்ன, பஸ்ஸு ஓடலையா?"

"போன ஏன் எடுக்கல?"

"சுத்தும்போது பேசக் கூடாது. விடுங்க, நிக்கக் கூடாது."

"உனக்கு வேர்க்கவே இல்லன்னு உன் மக அங்க அழுதுகிட்டிருக்கா."

"வேர்க்கலையா?" அவள் கழுத்துக்குப் பின்னால் கைவைத்து ஈரத்தை எடுத்து என் கன்னத்தில் தடவினாள். "இது என்ன, பன்னீரா?"

அவளை மதில் நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அக்காவும் வந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். பட்டையை உரிச்சுப் பாருங்கப்பா என்றாள் மகள். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம். ஓரத்திலிருந்து மெல்ல உரித்தேன். உள்ளே தோல் தெரியவில்லை. வெளிர்பழுப்பாக, வட்டமாக, பிசைந்த மாவு போல ஏதோ ஒன்று அப்பிக்கொண்டிருந்தது.

புற்றுமண்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கோயிலில் கொடுக்கும் புற்றுமண்ணை வீட்டில் டப்பாவில் போட்டு வைத்திருப்போம். சொறி, சிரங்கு, அரிப்பு, தேமல், பூச்சிக்கடி எதுவானாலும் முதலில் கை போவது அந்த டப்பாவுக்குத்தான். தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டு, பிறகுதான் மெடிக்கல் ஷாப்புக்குப் போவதா என்று யோசிப்போம். பட்டையின் பசை அவளுக்கு அரித்திருக்கிறது. தோல் சிவந்து தடித்திருக்கிறது. அதற்கு அவள் செய்தது, இந்த ஊரில் பிறந்த யாரும் செய்வது. தடித்த இடத்தில் மண்ணைக் குழைத்துப் பூசி, காயவிட்டு, அதற்கு மேலேயே பட்டையை ஒட்டிக்கொண்டாள். ஓரம் நன்றாக ஒட்டியது. நடுவில் இருந்த துவாரத்துக்கு முன்னால் மண் உட்கார்ந்துகொண்டது. ஊறிய வியர்வையையெல்லாம் மண் குடித்துக்கொண்டது.

"என்னப்பா இருக்கு?" என்றாள் மகள்.

சொன்னேன்.

"ஏம்மா, அரிக்குதுன்னு எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ நிறுத்துன்னு சொல்லுவ."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. போனைப் பார்த்துக் குனிந்து சொன்னார். "அரிச்சா புத்துமண்ணு போடாம வேற என்னத்தப் போடுவா? நீயும் இந்த ஊருப் பிள்ளைதானட்டி. மிஷினு செய்யும்போதே மண்ணு பூசுவாளே எங்கம்மான்னு நினைச்சிருக்கணும்லா."

மகள் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பெட்டியில் மிச்சமிருந்த பட்டையை அன்றைக்கு அவள் சொல்லித்தான் சுருக்குப் பையில் வைத்துவிட்டிருந்தோம். மறுகையைத் தண்ணீரில் கழுவி, என் துண்டால் ஒற்றி எடுத்து, ஒட்டினேன். துவாரம் தோலில் படுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன்.

"கொஞ்சம் நட, ஏட்டி. கோடு ஏறட்டும்" என்றார் அக்கா.

அந்தச் சுற்றில் நானும் கூடவே நடந்தேன். அவள் ஒரு கொட்டையைக் கீழே போட்டாள். திரும்பி நிழலுக்கு வந்தபோது நீலக்கோடு தலையைத் தூக்கியிருந்தது. தூக்கியது நிற்கவில்லை. அதுவரை நாங்கள் பார்த்த எந்த நாளையும்விட மேலே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் உப்பைக் காட்டுகிற இன்னொரு கோடும்.

மகளுடைய குரல் மாறிவிட்டது. நிதானமாகப் பேசினாள். எனக்கு அந்த நிதானம் பிடிக்கவில்லை.

"அம்மா, நிறையப் போகுது. காலையில இருந்து இதே மாதிரிதான் போயிருக்கணும். இவ்வளவு நேரமும் நமக்குத் தெரியாமலே போயிருக்கு. தண்ணி எவ்வளவு குடிச்ச?"

அக்காதான் சொன்னார், சொம்பு காலியாகக் காலியாகத் தானே நிரப்பிக் கொடுத்ததாக.

"தலை எப்படி இருக்கு?"

மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காற்றுக்கு அவள் முடி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. விலக்கவில்லை. போனைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"கனமாத்தான் இருக்கு. கொஞ்ச நேரமா. போன வருஷம் ஆரம்பிச்ச மாதிரியே."

கோடு ஒன்று சொல்கிறது. தலை ஒன்று சொல்கிறது. இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன. எதை நம்பி அவள் முடிவெடுத்தாள் என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கோடு இல்லாமல் தலை மட்டும் கனத்திருந்தால் இன்னும் கொஞ்சம்தானே என்று எழுந்திருப்பாள், போன வருஷம் போல. தலை கனக்காமல் கோடு மட்டும் ஏறியிருந்தால் மிஷின் பொய் சொல்லுகிறது, காலையிலும் சொன்னதுதானே என்று எழுந்திருப்பாள். இரண்டும் சேர்ந்து அவளை உட்கார வைத்தன.

முந்தானை முடிச்சில் இன்னும் ஒரு பிடி கொட்டைகள் இருந்தன.

"உப்பு போட்டுக் குடி. அம்மன் கோவிச்சுக்கிட மாட்டா" என்றேன்.

"கோவிச்சுக்கிட மாட்டாதான். ஆனா முறிஞ்சிரும்."

"முறிஞ்சா முறியட்டும். நீ கிடந்த கிடை எனக்குத்தான் தெரியும். என்னையே தெரியல உனக்கு."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். கொட்டைகளை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை இழுத்து அதில் கொட்டி, விரல்களை மடக்கிவிட்டாள்.

"நீங்க நடங்க."

"நானா? உன் வேண்டுதல நான் எப்படி நடக்க?"

"பின்ன யாருக்கு நேந்தேன்னு நினைச்சீய?" என்றாள். "டெங்கு வந்து கிடந்தீயள்ல முந்தின வருஷம். எழுந்து நடமாடட்டும், நூத்தெட்டு சுத்துதேன்னு நேந்தேன். நடமாடத்தான நேந்தேன். நடங்க."

அந்த வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தது எனக்கு ஞாபகம் இருந்தது, எழுந்ததும் ஞாபகம் இருந்தது. எழுந்த வேகத்தில் பஸ் ஏறிப் போனவன். நான் எழுந்து ஓடிய ஓட்டத்துக்காகத்தான் ஒருத்தி இங்கே சுற்றிச் சுற்றி வந்தாள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

"காலையில நான் இட்லி தின்னுருக்கேன். சட்னியில உப்பு" என்று மட்டும் சொன்னேன்.

"ஆம்பளைக விரதம் அம்புட்டுதான்னு அம்மனுக்குத் தெரியும், அண்ணாச்சி" என்றார் அக்கா. "நீங்க நடங்க. நான் இவளுக்கு உப்பு கலக்கிக் கொடுக்கேன்."

மகள் அனுப்பி வைத்திருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அக்கா தண்ணீரில் கலக்கினார். என் மனைவி சொம்பை வாங்கி, சந்நிதி இருந்த திசையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் குடித்தாள். இத்தனை நாளைக்குப் பிறகு நாக்கில் பட்ட உப்புக்கு முகத்தைச் சுளித்தாள். மெதுவா, மெதுவா என்றது போன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். கல் சுட்டது. முதல் சுற்றில் வேகமாகப் போனேன், பஸ்ஸைப் பிடிக்கிறவன் போல. இரண்டாவது சுற்றில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, அம்மன் எங்கயும் போக மாட்டா" என்றாள். வேகத்தைக் குறைத்தேன். போன இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிற நடை எனக்குப் பழக்கமில்லை. எல்லா நடையும் எனக்கு வேறெங்காவது போகத்தான். இந்த நடை ஒவ்வொரு முறையும் என்னை மதில் நிழலில் உட்கார்ந்திருந்த அவளிடமே கொண்டுவந்து விட்டது. ஒவ்வொரு முறையும் பார்த்தேன். ஒரு சுற்றில் சொம்பு கையில் இருந்தது. ஒரு சுற்றில் கீழே இருந்தது. ஒரு சுற்றில் அக்காவோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பற்றித்தான். என்னைத் தெரிந்த சிரிப்பு. அதைப் பார்த்த பிறகு கல் அவ்வளவாகச் சுடவில்லை.

கடைசிக் கொட்டையைக் கீழே போட்டபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆட்டோவில் நேரே ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். ஊசி குத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. உப்பு கொஞ்சம் குறைவு, பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் நடந்திருந்தால் வேறு பேச்சு பேச வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். இனி உப்பில்லா விரதமே வேண்டாம் என்றும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அது எந்த ஆட்டம் என்று நான் கேட்கவில்லை. வேண்டுதல் முடிந்துவிட்டது.

பின்னால் ஒரு நாள் மகள் சொன்னாள், இப்போதெல்லாம் பட்டையை யாருக்கு ஒட்டக் கொடுத்தாலும், தோலில் என்ன பூசியிருக்கிறீர்கள் என்று முதலில் கேட்கச் சொல்லிவிட்டாளாம். எண்ணெய், மஞ்சள், சந்தனம், திருநீறு, மண். மண் என்றதும் கூட வேலை பார்க்கிறவர்கள் சிரித்தார்களாம். எங்க ஊருக்கு வந்து பாருங்க என்றாளாம்.

சுற்று முடிந்த அன்று சாயங்காலம் என் மனைவியைப் படுக்கச் சொல்லிவிட்டு நான்தான் துணி துவைக்கப் போனேன். வாளியில் தண்ணீர் பிடித்து என் சட்டையை முக்கினேன். அவள் ஜாக்கெட்டை எடுத்தேன். அரக்குத் துணியில் வெள்ளை வளையங்கள் நன்றாகக் காய்ந்து, விரல் பட்டால் உதிர்கிற மாதிரி இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே இருப்பது எந்தச் சுற்று, உள்ளே இருப்பது எந்தச் சுற்று, எந்தக் கோட்டில் தலை கனக்கத் தொடங்கியது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"அதுல என்ன சினிமாவா ஓடுது?" என்றாள் உள்ளேயிருந்து. "முக்கிப் போடுங்க. உப்பு நின்னா துணி இத்துப் போயிரும்."

முக்கினேன். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தேன்.